சரிபார்த்தவர்: ரெஜினா

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூரின் சாங்கியில், இன்னும் கட்டி முடியாத ஒரு சரக்குக் கிடங்கின் கூரையில் நின்றுகொண்டிருந்தேன். மழைநீர்க் குழாய்களின் சரிவைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த நேரம். ரெஜினாவின் கணவர் சேவியரிடமிருந்து கைப்பேசியில் இரண்டே வரி. "ரெஜினா காலைல போயிட்டா மணி. ஆறு மணிக்கு மேல செங்காங் வீட்டுக்குக் கீழ வாங்க." என் முகத்தைப் பார்த்த கட்டுமான மேற்பார்வையாளர் என்ன என்று கேட்டார். என்னோடு படித்தவர், என்னோடு வேலை பார்த்தவர் இறந்துவிட்டார் என்றேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மீதியை நாளைக்குப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாதியில் இறங்கினால் முதலில் திட்டுகிறவர் ரெஜினாவாகத்தான் இருப்பார். மீதமிருந்த ஏழு குழாய்களையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். ஏழாவதற்கு நேரே நான் எழுதிய எண்ணை மறுநாள் என்னாலேயே படிக்க முடியவில்லை. மறுபடியும் போய் அளந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஆளுக்கொரு ரெஜினாவைத் தெரிந்திருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் எல்லாருக்கும் முன்னால் சுதியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ரெஜினா. எங்கள் அலுவலகத்தில் தேநீர்க் கோப்பையை யார் கழுவாமல் வைத்தார்கள் என்று விசாரணை நடத்தும் ரெஜினா. எனக்குத் தெரிந்த ரெஜினாவைப் பற்றிச் சொல்வதென்றால், நான் அவரிடம் நடந்துகொண்ட ஒரு விதத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். ஜன்னலோரத்தில் அவர் மேசையும் என் மேசையும் முதுகுக்கு முதுகு. கீழே காய்கறி லாரி பின்னால் வரும்போது அடிக்கும் மணியில் எங்கள் தொலைபேசிப் பேச்சு பாதி காணாமல் போகும். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். சுவா சூ காங்கில் வளர்ந்து, தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, வரைவாளராக வேலைக்குச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர். நான் திருச்சியில் படித்துவிட்டு இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் அக்கா என்பேன்.

"அக்காவா, சரி, என்ன வேணும் சொல்லு" என்று திரும்பாமலேயே கேட்பார்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவர் பகுதிநேர முதுகலைக்கு விண்ணப்பித்தார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துப் போட்டார். அவருக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாக நான் இன்றுவரை நம்பவில்லை. நான் கட்டடக் கலைஞராகப் பதிவு பெறாமலே கிழவனாகிவிடுவேன் என்ற கவலை அவருக்கு இருந்தது, அவ்வளவுதான். அந்தப் படிப்பில் இரண்டு பிரிவு. வடிவமைப்பு ஆராய்ச்சி ஒன்று, தொழில்முறை இன்னொன்று. இரண்டிலும் பாடப்புத்தகம் குறைவு. தான் உண்மையில் கட்டி முடித்த ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு அதையே கேள்வி கேட்கவேண்டும். கடைசியில் மண்டபத்துச் சுவரில் எல்லாவற்றையும் மாட்டி, மூன்று தேர்வாளர்கள் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். ரெஜினா ஆராய்ச்சியை எடுத்தார். நான் தொழில்முறையை எடுத்தேன். அதில் தேறினால்தான் பதிவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். பதிவு கிடைத்தால்தான் என் வரைபடத்தில் நானே கையெழுத்துப் போட முடியும். பதினான்கு ஆண்டுகளாக வேறொருவர் கையெழுத்துக்குக் கீழே வரைந்துகொண்டிருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதல் வகுப்பிலேயே ரெஜினா மாட்டிக்கொண்டார். உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார் பேராசிரியை. எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் சொன்ன சொற்களில் பாதி எனக்குப் புரியவில்லை. ரெஜினா ஒரு டிரேசிங் தாளை விரித்தார். தான் வடிவமைத்த ஒரு மருந்தகத்தின் காத்திருக்கும் இடம். ஓராண்டு கழித்துப் போய், மடக்கு முக்காலி போட்டு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்திருந்தார். நாற்காலிகள் காலி. புள்ளிகள் எல்லாம் கண்ணாடிக் கதவோரம். இது வேலை, இதில் ஆராய்ச்சி எங்கே என்று பேராசிரியை கேட்டார். வேலை முடிந்துவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஆராய்ச்சி தொடங்குகிறது என்றார் ரெஜினா.

"திறப்பு விழா அன்னைக்கு எல்லா கட்டடமும் நல்லாத்தான் இருக்கும் மணி. ஒரு வருஷம் கழிச்சுப் போய்ப் பாரு, அப்ப தெரியும்." இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அலுவலகத்தில் நாங்கள் கிண்டலாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் முதலாளியே சீனத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இனி என் கட்டடத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பின்சந்தில், வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு ஓய்விடம் ஒன்று கட்டச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைகளில், தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை. பொறுப்பு என்னுடையது. கூரையை நன்றாகவே செய்தேன், அதை இப்போதும் சொல்வேன். கீழே உட்கார இடம் வேண்டுமல்லவா. கணினியில் எங்களிடம் ஆயத்தமாக இருக்கும் இருக்கைப் படத்தை எடுத்து, ஒன்று வைத்து, நகலெடுத்து, நகலெடுத்து, இருபத்திரண்டு இருக்கைகளை வரிசையாகப் போட்டேன். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, தரையோடு திருகி இறுக்கியவை. தரைக்கு வழுக்காத கூழாங்கல் பதிப்பு. வீட்டில் நான் இன்றும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அது வரையும்போது ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை. படம் ஒரு சஞ்சிகையில் வந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன்.

அந்தக் கட்டடத்தைத்தான் என் தேர்வுக்கு எடுத்துக்கொண்டேன், வெற்றிக் கதையாக. ஓராண்டு ஆனதும் ரெஜினா என்னைக் கூப்பிட்டார், வா, ஞாயிற்றுக்கிழமை போய் உட்காரலாம் என்று. மகனுக்கு நீச்சல் வகுப்பு என்றேன். அவர் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தனியாகப் போனார். நான்கு ஞாயிறு. கட்டடம் நன்றாக இருக்கிறதா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் எனக்கே தெரியும்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசையில் அந்தத் தாளைப் பார்த்தேன். என் கூரைதான். இருபத்திரண்டு இருக்கைகளிலும் பை, தண்ணீர்ப் புட்டி, ஈரக்குடை. ஆட்களைக் குறிக்கும் புள்ளிகள் எல்லாம் கூரைக்கு வெளியே, சாக்கடை விளிம்பில், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, வட்டம் வட்டமாக. ஓரத்தில் முருகேசன் என்ற ஊழியர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார். "ஆறு நாளும் லாரில வரிசையா உக்காந்து போறோம். கேண்டீன்லயும் வரிசை. ஞாயித்துக்கிழமையும் வரிசையா உக்காரணுமாக்கா?"

ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், ஒரே கட்டடம் என் சுவரில் வெற்றியாகவும் அவர் சுவரில் தோல்வியாகவும் தொங்கப்போகிறது. தேர்வாளர்களும் அதே மூன்று பேர்.

"அக்கா" என்றேன்.

"வேணாம் மணி. நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியும்."

"இத மட்டும் எடுத்துடுங்க. உங்ககிட்ட வேற கட்டடம் அஞ்சாறு இருக்கு. மருந்தகம் ஒண்ணே போதும்லா."

"இதுதான் ரொம்ப முக்கியம். மத்ததுல நாங்க கொஞ்சம் தப்பு பண்ணோம். இதுல கூரைக்குக் கீழ ஆளே இல்ல."

"நான் ஃபெயில் ஆனா பரவாயில்லையா உங்களுக்கு?"

"அப்படிச் சொல்லல. உன் பேரு எங்கயும் போடல. ஆனா எடுக்க மாட்டேன்."

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதுகிறேன். "உங்களுக்கென்ன, தப்பு உங்க பேருல இல்லையே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு ஒரு வாரம் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து பேசாமல் வேலை பார்த்தோம். தேவையானதை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டோம். நடுவில் மூன்றடி இடைவெளி.

தேர்வு நாளன்று அவர் எனக்கு முன்னால். சுவரின் நடுவில் ஒரு பெரிய தாள். எங்கள் வரைபடம் ஒவ்வொன்றிலும் வலது மூலையில் ஒரு சிறு கட்டம் உண்டு. வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று பெயரின் முதலெழுத்துகளைப் போடும் இடம். என் ஓய்விடத்து வரைபடத்தின் அந்த மூலையைத்தான் அவர் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். வரைந்தவர் என்ற கட்டத்தை வெட்டிவிட்டிருந்தார். சரிபார்த்தவர் என்ற கட்டம் மட்டும் இருந்தது. அதில் அவருடைய கையெழுத்தில் அவருடைய எழுத்துகள்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. நான் வரைந்ததை எல்லாம் அவர்தானே சரிபார்ப்பார், பத்து ஆண்டுகளாக.

அவர் பேசிய ஆங்கிலம் எளிமையானது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான். "இந்த வரைபடத்தைச் சரிபார்த்தது நான். இருக்கையின் உயரம் சரி. இடைவெளி சரி. சக்கர நாற்காலி திரும்பும் வட்டம் சரி. எல்லா அளவையும் பார்த்தேன். யார் உட்காரப் போகிறார்கள் என்று பார்க்கவில்லை. என் ஆராய்ச்சி இந்தக் கட்டத்தில் நான் போட்ட கையெழுத்தைப் பற்றியது."

வடிவமைத்தவர் யார் என்று ஒரு தேர்வாளர் கேட்டார். எங்கள் அலுவலகம் என்றார் ரெஜினா. அந்த மண்டபத்தில் எனக்குப் பின்னால் என் சுவர் இருந்தது. திறப்பு விழாப் படங்கள், ஆளில்லாத பளபளக்கும் இருக்கைகள். நான் கையைத் தூக்கினேன். "நான்தான்" என்றேன். பிறகு என் முறை வந்தபோது அந்தப் படங்களைக் கழற்றித் தரையில் கவிழ்த்துவிட்டு, அவருடைய நான்கு டிரேசிங் தாள்களைக் கடன் வாங்கி மாட்டி, அதை வைத்தே பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. இருபது நிமிடமாம்.

உண்மையைச் சொன்னவனுக்கு மாலை போடுவார்கள் என்று நினைத்திருந்தால் அது என் தவறு. ரெஜினா சிறப்பாகத் தேறினார். என்னை ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். தவறை ஒப்புக்கொள்வது படிப்பு ஆகாது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் ரெஜினாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு, "ஸ்பேனர் இருக்கா வீட்டுல?" என்று கேட்டார்.

அந்த ஆறு மாதத்தைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். முடிந்த வேலையை யாராவது திறப்பார்களா என்று முதலாளி முனகினார். என் விடுப்பில் வரைகிறேன், உங்களுக்கு என்ன என்று ரெஜினா கேட்டதும் அடங்கிவிட்டார். தொண்டு அமைப்பின் செயலாளரிடம் நான் போய் நின்று, தவறு எங்களுடையது என்று சொன்னேன். அந்த அம்மா, எங்களுக்குத் தெரியும், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றார். அது எனக்குத் தேர்வில் தோற்றதைவிட வலித்தது. பிறகு ஆறு ஞாயிறு நானும் ரெஜினாவும் அந்தச் சாக்கடை ஓரத்தில் அட்டையில் உட்கார்ந்தோம். முருகேசனும் நண்பர்களும் சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் பேசினார்கள், சிலர் தூங்கினார்கள். எத்தனை பேர் ஒரு வட்டம், தூங்குகிறவன் தலை எந்தப் பக்கம், செருப்பை எங்கே விடுகிறார்கள் என்று குறித்தோம். என்ன வேண்டும் என்று அவர்களை நான் கேட்கப் போனபோது ரெஜினா தடுத்தார். "கேக்காத. கேட்டா உனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லுவாங்க. பாரு."

பத்தொன்பது இருக்கைகளைக் கழற்றினோம். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்காகச் சுவரோரம் மூன்றை விட்டோம். கூழாங்கல்லைப் பெயர்த்துவிட்டு வழவழப்பான தரை போட்டோம், கை கழுவக் குழாய், செருப்புக்குத் தட்டு. கழற்றும் நாளில் முருகேசன் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். "சார், நீங்க வரையுங்க, இது எங்க வேல." அவர் ஒரு நிமிடத்தில் கழற்றியதற்கு நான் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை தேறினேன். அடுத்த ஆண்டு பதிவும் கிடைத்தது.

ரெஜினாவுக்கு நோய் தெரிந்தது போன ஆண்டு. சிகிச்சைக்கு நடுவிலும் இரண்டு கட்டடங்களுக்குப் போய் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். சேவியர் கூடவே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பார்வையாளர் நாற்காலி தாதியர் நடக்கும் வழியில் இருக்கிறது என்று ஒரு படம் போட்டு வார்டு தாதியிடம் கொடுத்திருந்தார். நான் போனபோது நாற்காலி மறுபக்கம் இருந்தது. குணமாகி வாருங்கள், வேலை நிறையக் கிடக்கிறது என்றேன்.

"பொய் சொல்லாதலா. டாக்டர் சொன்னத எல்லாம் செக் பண்ணிட்டேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் கையைத் தட்டிக்கொண்டே, தான் சரிபார்த்துக் கையெழுத்திட்ட கட்டடங்களில் இன்னும் போய்ப் பார்க்காதவை எத்தனை என்று சொன்னார். பதினொன்று. ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் அவர் போகப்போகிறார் என்பதற்கு நானும் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்தேன்.

செங்காங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் கூட்டம் குறையவில்லை. முதல் நாள் மாலை முருகேசன் இன்னும் நான்கு பேரோடு வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தார், காலணியில் சிமெண்டோடு. வெகுநேரம் பெட்டிக்கு அருகில் நின்றார். திரும்பி வந்து என்னிடம், "அக்கா என்ன வேல பாத்தாங்கன்னு இன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழம வந்து எங்ககூட உக்காருவாங்க, அவ்வளவுதான் தெரியும்" என்றார். ரெஜினாவின் மகள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அம்மா வேலை என்று அவள் சொன்னாள்.

அவருடைய முக்காலி மகளிடம் இருக்கிறது. டிரேசிங் சுருள்களைப் பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது, சேவியர் கொடுத்துவிடுவார். எனக்கு அவற்றில் எதுவும் வேண்டாம். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதினொரு பெயர்களை. எழுதிக்கொள்ளாவிட்டாலும் ஒன்றும் மறக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்தப் பதினொரு கட்டடங்களின் வரைபடங்களையும் எடுத்து மூலைக் கட்டங்களைப் பார்த்தேன். சரிபார்த்தவர் எல்லாவற்றிலும் அவர். வரைந்தவர், ஏழில் நான்.

வரும் ஞாயிறு முதலாவதற்குப் போகிறேன். அங்கே ஏதோ சரியில்லை என்று எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும்.